பிக்கப் டிரக்கில் என்ஜின் சென்சார் கோளாறு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அரை மணி நேரம் ஓடியதும் வண்டி திடீரென நின்றுவிடுகிறது. சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாதது போலக் கிளம்புகிறது. ஸ்கேனரில் பி 0335 என்ற பிழைக் குறியீடு வருகிறது. என்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: அறிகுறி அந்தச் சென்சாரைத்தான் காட்டுகிறது, உள்ளிருக்கும் சுருளோ மின்னணுப் பகுதியோ சூட்டில் துண்டித்து, ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்வது வழக்கமான கோளாறுதான். ஆனாலும் பி 0335 என்பது அந்த மின்சுற்றில் பிழை என்று மட்டுமே சொல்கிறது. பழுது சென்சாரிலா, கனெக்டரிலா, என்ஜின் கணினி வரை செல்லும் வயரிலா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வண்டி நின்ற அந்தச் சூட்டிலேயே சோதியுங்கள். ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்றும்போது ஸ்கேனரில் சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 150 அல்லது 200 சுற்று என்று ஏதாவது காட்ட வேண்டும்; பூஜ்ஜியத்திலேயே நின்றால் கணினிக்கு சிக்னல் போய்ச் சேரவில்லை.

கேள்வி: மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் சென்சார் கெட்டதா என்று தெரிந்துவிடாதா?

பதில்: காந்தச் சுருள் வகையாக இருந்தால் ஓரளவு தெரியும். கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு முனைகளுக்கிடையே அளந்த மதிப்பைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள மதிப்போடு ஒப்பிடுங்கள். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. இன்னொரு வகை, காந்தப்புலத்தை உணரும் ஹால் வகை; அதன் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் ஓம் அளவு எதையும் நிரூபிக்காது. அதற்கு வரவேண்டிய 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, என்ஜின் சுற்றும்போது சிக்னல் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்று வயர் இருந்தாலே ஹால் வகை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுருள் வகையிலும் இரைச்சலைத் தடுக்கும் உறைக்கென மூன்றாவது வயர் வருவதுண்டு. அளக்கும்போதே வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். சைலன்சர் குழாயில் உரசி உருகிய வயருக்காக நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: வெயில் நேரத்திலும் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது.

பதில்: சுற்று எங்கோ துண்டித்திருக்கிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார் அது. சுற்று அறுந்தால் தடை எல்லையற்றதாகி, கணினி அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொள்கிறது. இரண்டு வயர் கொண்ட சென்சாரானால், கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கமுள்ள இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். அளவு ஒரேயடியாக மேலே பாய்ந்தால் வயர் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் பழுது.

கேள்வி: கிராங்க் சென்சாரை நானே மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய சென்சார் துருப்பிடித்து இறுகியிருந்தால் நெம்பாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு இடமும் வலமுமாகத் திருப்பி எடுங்கள். நெம்பினால் தலை மட்டும் கையோடு வந்து, மீதி உள்ளேயே தங்கிவிடும். அதன் நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, உள்ளே சென்சார் கண்காணிக்கும் பல்சக்கரத்தின் பல் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் பல் போயிருந்தால் புதிய சென்சாரும் அதே பிழையைத்தான் தரும். புதியதன் ஓ ரிங் எனும் ரப்பர் வளையத்தில் சிறிது என்ஜின் ஆயில் தடவி, கையாலேயே முழுவதும் அமர்த்திய பிறகு போல்ட்டை முடுக்குங்கள்; போல்ட்டைக் கொண்டு சென்சாரை உள்ளே இழுத்தால் போல்ட் மாட்டும் அதன் காது உடையும். சில வண்டிகளில் ஸ்கேனர் வழியாகக் கணினிக்குப் புதிய சென்சாரைப் பழக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பி 0171 வந்ததால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். ஒரு வாரத்தில் அதே பிழை மீண்டும் வந்தது.

பதில்: பி 0171 என்றால் எரிபொருளுக்குக் காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள்; அந்தச் செய்தியைக் கொண்டுவந்த சென்சாரையே நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். வேக்குவம் குழாய்களில் வெடிப்பு, காற்றளவு சென்சாரில் அழுக்கு, எரிபொருள் அழுத்தக் குறைவு ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள்.