புதைத்த நகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நகைத் திருடன் ஒருவனைப் பற்றிய என் கதையை இணைத்திருக்கிறேன். பிடிபடும் முன் நகையைப் புதைக்கிறான். எட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து தேடுகிறான். தண்டனையை அனுபவித்தாயிற்று, இனி நகை அவனுக்குத்தானே? இத்தனை நாளில் தங்கம் கெட்டிருக்குமா? முடிவில் அது கிடைக்கலாமா?

கு.

அன்புள்ள கு.,

தங்கம் கெடாது. முத்து கெடும்; அது சுண்ணாம்புச் சத்து, அமில மண் அரித்துவிடும். கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் பாடு.

‘அவனுக்குத்தானே’ என்கிறீர்களே, அங்கேதான் எரிச்சல் வந்தது. சிறைவாசம் என்ன, தவணை கட்டுவதா? 2015இல் லண்டன் ஹாட்டன் கார்டன் பெட்டகக் கொள்ளையில் சிக்கிய டேனியல் ஜோன்ஸ், புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று போலீஸைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சின்ன மூட்டையை மட்டும் காட்டினார். பெரிய மூட்டையைப் போலீஸார் முன்பே தோண்டியெடுத்திருந்தார்கள். 2018இல் அவரையும் கூட்டாளிகள் மூவரையும் மொத்தம் 2.75 கோடி பவுண்டு கட்டச் சொன்னது நீதிமன்றம்; கட்டாவிட்டால் மேலும் 7 ஆண்டு வரை சிறை. அதை அனுபவித்தாலும் கடன் தீராது, அங்கே சட்டம் அப்படி.

கிழட்டுத் திருடர்களின் சாமர்த்தியத்தை ஊரே ரசித்தது. பெட்டகத்தில் நகை வைத்தவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? உங்கள் பன்னிரண்டு பக்கத்திலும் நகைக்காரி எங்கே? ‘பணக்கார வீடு’, அதோடு சரி. மண்வெட்டி வேரில் மோதும் இடத்தை இரண்டு முறை படித்தேன். கை இருக்கிறது உங்களுக்கு. அதனால்தான் கோபம்.

ஒன்பது வயதில், ஏதோ சண்டையில், அக்காவின் தோடு ஒன்றை எடுத்து மதில் பொந்தில் செருகிக் களிமண் அப்பினேன். மறுநாள் பயந்துபோய் எடுக்கப் போனால் எந்தப் பொந்தென்றே தெரியவில்லை. அக்கா பெருக்கிய குப்பையைக் கொட்டமாட்டாள். பழைய செய்தித்தாளில் பரப்பி விரலால் அளைவாள். தலைமயிர், பென்சில் சீவல், நூல் பிசிறு. சட்டைப் பொத்தான் மினுங்கினால் கை நிற்கும். பிறகு மறுபடி அளையும். எதிரே உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மாதக்கணக்கில் நடந்தது இது. திருடன் தேடுவதை எழுதினீர்கள் அல்லவா? அவள் தேடியதையும் எழுதுங்கள்.

மதிலை இடித்த அன்று ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். இல்லை. மற்றத் தோட்டை அக்கா உருக்கவில்லை. போன மாதம் எதையோ எடுக்கப் பெட்டியைத் திறந்தவள், “இதோட ஜோடி எங்கதான் போச்சோ, தெரியலடா” என்றாள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

அக்கா இந்தத் தளத்தையெல்லாம் படிப்பதில்லை.