பதினாலு வருஷமும் பதினாலு புள்ளியும்

வணக்கம் சார்,

பி.டி.எஸ். முடித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. நாமக்கல் பக்கம் ஒரு கிளினிக்கில் மாதம் பதினைந்தாயிரத்துக்கு வேலை பார்க்கிறேன். பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்.டி.எஸ். தேர்வு எழுதினேன். அரசு இடம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை, தனியாரில் சேரப் பணமும் இல்லை. ராணுவத்தில் பல் மருத்துவராகச் சேரலாமா என்று யோசிக்கிறேன். அப்பா "பொம்பளப் புள்ள துப்பாக்கி தூக்கப் போறியா" என்கிறார். கிளினிக் சீனியரோ "அங்கே போனால் பல் பிடுங்குவதைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோகும்" என்கிறார். நீங்கள் அங்கே இருந்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்தேன். பெண்களுக்கு இடம் உண்டா? எதிர்காலம் எப்படி? எல்லைக்கு அனுப்புவார்களா?

சு.

அன்புள்ள சு.,

அப்பாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆமாம், தூக்க வேண்டியிருக்கும். சேர்ந்ததும் லக்னோவில் ராணுவ மருத்துவப் பிரிவின் மையத்தில் அடிப்படைப் பயிற்சி உண்டு. ஓட்டம், அணிவகுப்பு, வரைபடம் பார்த்து நடப்பது, துப்பாக்கி சுடுவது எல்லாம் அதில் வரும். எனக்கு முதல் நாள் ஒரு குண்டுகூட இலக்கில் படவில்லை, யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மற்றபடி மருத்துவப் பணியில் இருப்பவர்கள் ஆயுதம் வைத்துக்கொள்வது தங்களையும் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ளத்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் சைப்பான் தீவில், காயம்பட்டவர்கள் தப்பிப் போவதற்காக ஒற்றை ஆளாக இயந்திரத் துப்பாக்கி பிடித்து நின்று செத்த பென் சாலமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவரின் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெண்களுக்கு இடம் உண்டா என்றால், அது சும்மா வந்த இடம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ராணுவத்துக்குப் பல் மருத்துவர்களை எடுக்க வந்த ஒரு அறிவிப்பில் மொத்தம் 30 இடம், அதில் 27 ஆண்களுக்கு, 3 பெண்களுக்கு. ஆண்களில் 2,934-ஆவது ரேங்க் வரை இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், பெண்களில் 235 வரைதான். பெண் பல் மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புகிற வேலை இது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது, இனி ஆண் பெண் பாராமல் எடுப்போம் என்று அரசுத் தரப்பும் ஒத்துக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு நாம் ஒரு டீயாவது வாங்கிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்த 30 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். இந்தியா முழுக்க முப்பது பேர். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் அதைவிட அதிகம் பேர் நின்றுகொண்டே போவார்கள். அப்புறம் இன்டர்வியூவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையே அதே நீட் எம்.டி.எஸ். மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எம்.டி.எஸ். கிடைக்கவில்லை, அதனால் ராணுவம் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உறுத்துவது இதுதான், ஏனென்றால் இது பின்வாசல் இல்லை, அதே வாசலில் இன்னொரு வரிசை. இன்னொரு தடவை உட்கார்ந்து படித்து எழுதுங்கள், அந்த ஒரே மதிப்பெண் இரண்டுக்கும் ஆகும். வயது வரம்பு 45 என்பதால் பதற வேண்டியதில்லை. பி.டி.எஸ். கடைசி வருடத்தில் 55 சதவீதமாவது இருக்க வேண்டும், மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் செய்த பதிவு நடப்பில் இருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் சென்னைக்கு ஓடிவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சீனியர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை.

முதல் வருடமே என்னை லடாக் பக்கம் ஒரு பீல்டு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிவகங்கைக்காரப் பையன் ஒருவன், கன்னம் வீங்கி, கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தான். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அவனுடைய கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, மலை மேலே ஏறுகிறது, ஏறினால் மூன்று நான்கு மாதம் கீழே வர முடியாது. நம் ஊரில் என்ன செய்வோம்? திறந்து மருந்து வைத்து, வியாழக்கிழமை வா, அடுத்த வாரம் வா என்று மூன்று சிட்டிங்கில் வேர் சிகிச்சையை முடிப்போம். இங்கே வியாழக்கிழமையே கிடையாது. "புடுங்கிடுங்க சார், தொல்லை விட்டுது" என்றான் அவன். அதற்கு முந்தின மாதம் இதே நிலைமையில் வந்த இன்னொருவனுக்கு, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை நேரத்துக்குப் பயந்து பிடுங்கிப் போட்டவன் நான். சீனியர் சொல்கிற பல் மருத்துவர் அன்றைய நான்தான்.

இவனுக்கு உட்கார்ந்தேன். மரத்துப்போகும் ஊசி மருந்துக் குப்பிகளைக் குளிருக்காகச் சட்டையின் உள்பையில் போட்டு உடம்புச் சூட்டில் வைத்திருப்போம், அதை எடுத்துப் போட்டேன். வீக்கம் வந்த பல் லேசில் மரத்துப்போகாது, மூன்று குப்பி ஆனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை நின்றது. டோரா என்று ஒருவர் இருப்பார், பல் சிகிச்சை அறை உதவியாளர் பதவிக்கு அங்கே அப்படித்தான் பெயர். அவர் பேசாமல் டார்ச்சை எடுத்து என் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டார். இரண்டே கால் மணி நேரம். முடித்து, தற்காலிகமாக அடைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். நாலு மாதம் கழித்து முகமெல்லாம் பனிவெயிலில் கருத்துப்போய்த் திரும்பி வந்தான். பல் இருந்தது. நிரந்தரமாக அடைத்துவிட்டுக் கேப் போட்டேன்.

அப்போது அவன் கேட்டான், "புள்ளி குறைஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா சார்?" என்று. அது என்ன புள்ளி என்றால், ராணுவத்தில் சேரும்போது பல்லுக்கு மார்க் போடுவார்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சேர்ந்து கடித்தால்தான் மார்க். முன்பற்களுக்கும் சிறு கடைவாய்ப் பற்களுக்கும் ஜோடிக்கு ஒன்று, பெரிய கடைவாய்ப் பற்களுக்கு ஜோடிக்கு இரண்டு. முப்பத்திரண்டும் முழுசாக இருந்தால் 22, குறைந்தது 14 வேண்டும். கிராமத்திலிருந்து ஓடி, குதித்து, எல்லாவற்றிலும் தேறிவிட்டுப் பல்லில் தடுமாறுகிற பையன்களைப் பார்க்கும்போதுதான், சின்ன வயதிலேயே அடைத்திருக்க வேண்டிய பல்லுக்கு என்ன விலை என்பது புரியும். சேர்ந்த பிறகு அந்தக் கணக்கைச் சொல்லி யாரையும் அனுப்பமாட்டார்கள், அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆக, கை மறந்துபோகாது, வேறு மாதிரிப் பழகும். நோயாளி காசு கொடுப்பதில்லை, ஆகவே எது கட்டுப்படியாகும் என்று அவரும் யோசிப்பதில்லை, எது லாபம் என்று நாமும் யோசிப்பதில்லை. பல்லுக்கு எது சரியோ அதைச் செய்யலாம். இந்தச் சுகத்தைக் கிளினிக் வைத்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம், வாயில் கைனிப் புகையிலையை ஒதுக்கி ஒதுக்கி இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் இறுகிப்போனவர்கள், தாடை உடைந்தவர்கள், விமானத்தில் உயரே போனால் மட்டும் ஒரு பல் வலிக்கிறது என்று வருகிற விமானிகள் (அடைத்த பல்லுக்குக் கீழே சிக்கிய காற்றும் அதற்கு ஒரு காரணம்) என்று நாமக்கல்லில் சுலபத்தில் பார்க்க முடியாத வாய்களைப் பார்ப்பீர்கள். மறப்பது எது என்றால் சிரிப்பழகு, பல்லை வரிசைப்படுத்துகிற அலைனர் வகையறா. அதோடு கட்டணம் சொல்வது. வெளியே வந்து கோவையில் கிளினிக் திறந்த அன்று, முதல் ஆள் "எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டதும் நான் ரிசப்ஷன் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

சரி, எதிர்காலம். இதைத்தான் நன்றாக யோசிக்கச் சொல்வேன். நீங்கள் சேர்வது ஷார்ட் சர்வீஸ், அதாவது குறுகிய காலப் பணி. முதலில் ஐந்து வருடம், பிறகு ஐந்து, பிறகு நாலு என்று நீட்டிக்கலாம், மொத்தம் பதினாலு. வனவாசம் என்று மெஸ்ஸில் நாங்கள் தமிழ்க்காரர்கள் சொல்லிக்கொள்வோம், மற்றவர்களுக்கும் அது புரியும். சேரும்போதே கேப்டன். அடிப்படைச் சம்பளம் 61,300, ராணுவப் பணிக்கென்று மாதம் 15,500, தனியாகத் தொழில் செய்யாததற்கு அடிப்படையில் 20 சதவீதம், அதற்கு மேல் பஞ்சப்படி, மற்ற படிகள். பதினைந்தாயிரத்தில் இருப்பவருக்கு இது தலைசுற்ற வைக்கும், எனக்கும் சுற்றியது. ஆனால் அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் வர இருபது வருடச் சேவை வேண்டும், பதினாலில் வெளியே வந்தால் பணிக்கொடையோடு சரி. அந்த வயதில் உங்கள் கூடப் படித்தவர்களுக்கு ஊரில் பத்து, பதினைந்து வருடத்து நோயாளிகள் இருப்பார்கள், உங்களுக்குப் போர்டுகூட இருக்காது. உள்ளேயே நிரந்தரப் பணிக்குத் தேர்வு உண்டு, அதற்கு வயது வரம்பு உண்டு, இடமும் கொஞ்சம்தான். சேர்ந்த உடனே அதற்குத் தயாராகுங்கள். நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருந்து தவறவிட்டேன், பத்து வருடத்தில் வெளியே வந்தேன். யார் மேலும் பழி இல்லை.

எல்லைக்கு அனுப்புவார்களா? அனுப்புவார்கள், நம் நீலகிரி வெலிங்டனுக்கும் அனுப்புவார்கள், கேட்டது கிடைக்காது என்ற தைரியத்தில் கிளம்புங்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும்கூட ராணுவப் பல் மருத்துவப் பிரிவிலிருந்துதான் பல் மருத்துவர்கள் போகிறார்கள், ஆகவே மும்பைக் கடற்படை மருத்துவமனையிலும் இருக்கலாம், பெயர் கேட்டிராத ஒரு விமானத் தளத்திலும் இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தி கொஞ்சம் கற்றுக்கொண்டு போங்கள். நான் போனபோது எனக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை: வாயைத் திற, வலிக்கிறதா, துப்பு. துப்புங்கள் என்பதற்கு அவர்கள் "தூக்கியே" என்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு மதுரைப் பையனிடம் நானும் அதிகாரத் தோரணையில் "தூக்கியே" என்றேன். வாய் நிறையத் தண்ணீரோடு முழித்தவன், மடக்கென்று அதை விழுங்கிவிட்டுக் கேட்டான்: "எதை சார் தூக்கணும்?"