உண்ணிக் காய்ச்சல்: ‘காணப்படவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு
வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் நாய் கருப்பிக்கு நாலு வயது. நாலு நாளாகச் சாப்பிடவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது. நேற்று மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ரத்தப் பரிசோதனையில் ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் டாக்டர் உண்ணிக் காய்ச்சல்தான் என்று மாத்திரை எழுதிவிட்டார். ரிப்போர்ட்டை நம்புவதா, டாக்டரை நம்புவதா?

பதில்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு மூக்கில் ரத்தமும் வந்த நாயைக் காக்க வைத்துப் பார்க்கக் கூடாது.

உங்கள் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். அதில் எதுவும் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான் அதன் பொருள். உண்ணிக் காய்ச்சல் தரும் கிருமிகள் பல. மூக்கில் ரத்தம் வரவைப்பதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்லிக்கியா கேனிஸ். (கண்டிப்பாகச் சொன்னால் அது ஒட்டுண்ணி அல்ல, பாக்டீரியா, வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம்.) அது மோனோசைட் என்ற வெள்ளை அணுவுக்குள் முசுக்கொட்டைப் பழம் போலக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். நோய் தொடங்கிய சில நாட்கள் மட்டும், அதுவும் மிகச் சில அணுக்களில் மட்டும். அந்தக் கொத்து ஸ்லைடில் சிக்குவது நூற்றுக்கு நாலைந்து நாய்களில்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு நாய்க்கு ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி மருந்தில்லாமல் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தது, சிறுநீர் கருஞ்சிவப்பு. இந்த முறை காதின் ஓரத்தில் ஊசியால் குத்தி, முதலில் வந்த சொட்டில் ஸ்லைடு போட்டேன். சிவப்பணுக்களுக்குள் பேபீசியா தெரிந்தது. இந்தக் கிருமி புகுந்த அணுக்கள் மெல்லிய நுண்குழாய்களில் தேங்கும். அதனால் முன்னங்கால் நரம்பில் எடுத்த ரத்தத்தில் தெரியாதது காதோரச் சொட்டில் தெரியலாம். அந்த நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று முதல், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) எண்ணிக்கையைச் சேர்க்காமல் வெறும் ‘காணப்படவில்லை’ என்று நான் எழுதிக் கொடுத்ததே இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணைத்தான் தேடுங்கள். நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை பிளேட்லெட் இருக்க வேண்டும். எர்லிக்கியாவில் அது சரசரவென்று இறங்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் மெஷின் குறைத்து எண்ணிவிடும். ஸ்லைடின் ஓரத்தில் கட்டி இருக்கிறதா என்று ஒருவர் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள். உங்கள் டாக்டர் இந்த எண்ணையும் காய்ச்சலையும் மூக்கு ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்து எழுதியிருப்பார்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் பி.சி.ஆர். இருக்கிறது. அது கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. எந்தக் கிருமி என்று பெயரோடு சொல்லிவிடும். ஆனால் ரத்தம் முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சில நாள் மருந்து போன பிறகு எடுத்தால், கிருமி குறைந்துபோய் ‘நெகட்டிவ்’ என்று வரலாம். அன்று ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் ஃபிரிட்ஜில் மிச்சம் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.

பெயர் தெரிவது ஏன் முக்கியம்? எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். பேபீசியாவில் சின்ன வகையான கிப்சோனியை அந்த மாத்திரை மட்டும் தீர்த்துவிடாது. அட்டோவாக்வோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தருவது வழக்கம். பெரிய வகை பேபீசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி. ஒரே நாய்க்கு இரண்டு கிருமிகள் சேர்ந்து வருவதும் உண்டு. புதிதாக வந்த எர்லிக்கியா மட்டும் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் நாய் தலைதூக்கிச் சாப்பிட ஆரம்பிக்கும். கருப்பி அப்படித் தேறாவிட்டால் காதோர ரத்தத்தில் மறுபடி ஸ்லைடு போடச் சொல்லுங்கள். கிப்சோனி மிகச் சின்னது, சாயத் துகளோடு குழம்பிவிடும். பழகிய கண் வேண்டும். 1910-இல் பேட்டன் என்பவர் அதை முதன்முதலாக விவரித்தது மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்தில். நூறு வருடம் தாண்டியும் அது நம்மை ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: எர்லிக்கியாவுக்கு 28 நாள் மருந்து கொடுத்து முடித்து ஐந்து மாதம் ஆகிறது. நாய் நன்றாக ஓடுகிறது. சும்மா ஒரு கிட் டெஸ்ட் செய்தோம், மறுபடியும் பாசிட்டிவ். இன்னொரு முறை மருந்து கொடுக்கலாமா?

பதில்: கிட்டில் விழுந்த பாசிட்டிவ் கோட்டைப் பார்த்து மட்டும் கொடுக்காதீர்கள். கிட் தேடுவது கிருமியை அல்ல, கிருமியோடு சண்டை போட உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை. சண்டை முடிந்தும் அது மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட ரத்தத்தில் இருக்கும். இதே கிட் நோயின் முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டலாம், அப்போது எதிர்ப்பொருள் உருவாகியே இருக்காது. பிளேட்லெட் எண்ணிப் பாருங்கள், பி.சி.ஆர். செய்யுங்கள். மருந்து நின்று ஐந்து மாதம் ஆனதால் மருந்து மறைக்கும் என்ற கவலை இப்போது இல்லை. பிளேட்லெட் சரியாக இருந்து பி.சி.ஆரும் நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருங்கள். பிளேட்லெட் குறைந்திருந்தால் விஷயம் வேறு. எர்லிக்கியா வெளியே எதுவும் காட்டாமல் உள்ளே தங்கியிருக்கக் கூடியது.

கேள்வி: எங்கள் நாய் உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லை. அப்புறம் எப்படி உண்ணிக் காய்ச்சல்?

பதில்: கடித்த உண்ணி சில நாள் ரத்தம் குடித்துவிட்டு விழுந்து சுவர் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். காய்ச்சல் வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். நீங்கள் தேடும்போது அது இருக்காது. குஞ்சு உண்ணியோ குண்டூசித் தலை அளவுதான். விரல் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் தடவிப் பாருங்கள். ஹெபடோசூன் என்ற கிருமி கடியால் வருவதே இல்லை, நாய் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வருகிறது. கிப்சோனி உண்ணியே இல்லாமல், நாய்ச் சண்டையில் பட்ட கடிக் காயம் வழியாகவும் பரவும். அதனால் டாக்டரிடம் போகும்போது ‘உண்ணி இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது எந்த நாயோடு சண்டை போட்டது என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலால் நான் பல முறை ஸ்லைடைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன்.