குட்டிக்கு டிக்கெட் இல்லாத வருஷங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பெரியவனுக்கு 6 வயது, சின்னவளுக்கு இரண்டரை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் குலதெய்வம் கோயிலையும் சொந்தக்காரர் விசேஷங்களையும் தவிர நாங்கள் எங்கேயும் போனதில்லை.

இந்தக் காலாண்டு விடுமுறையில் மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி, குற்றாலம் எல்லாவற்றையும் ஐந்து நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தோம். மாமியாரும் வருகிறார். 66 வயது, முழங்கால் வலி. சீட்டு எடுத்த பணம் 18,000 ரூபாய் கையில் இருக்கிறது. ஆனால் காருக்கு மட்டும் 26,000 கேட்கிறார்கள். டோலும் டிரைவர் பேட்டாவும் தனி.

நாத்தனார், "ரெண்டரை வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது? வளரட்டும், அப்புறம் போய்க்கலாம்" என்கிறார். இப்போது கணவரும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடன் வாங்கிப் போகலாமா, தள்ளிப்போடலாமா? நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடன் வாங்க வேண்டாம். தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் உங்கள் கணவரிடம் கணக்கு வழியாகவே பேசுவோம், அவர் தொழிலே அதுதானே. ரயிலில் 5 வயது ஆகாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே கிடையாது. 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. நம் அரசுப் பேருந்துகளிலும் 2022 முதல் 5 வயது வரை இலவசம், அதற்கு மேல் 12 வயது வரை அரை டிக்கெட். சின்னவள் இன்று உங்கள் மடியில் இலவசமாக வருகிறாள். "வளரட்டும்" என்று காத்திருந்தால் அவளுக்கும் ஒரு முழு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் சின்னவர்களாக இருக்கும்போது பயணம் செலவு என்கிறார்கள். உண்மையில் மிகவும் மலிவாகப் போய்வரக்கூடிய வருஷங்கள் இவைதான்.

செலவு எங்கே ஏறுகிறது என்றால், உங்கள் திட்டத்தில் இருக்கிற ஊர்களின் எண்ணிக்கையில். தாம்பரத்தில் கிளம்பி அந்த நான்கு ஊர்களையும் சுற்றித் திரும்ப எவ்வளவு தூரம் என்று கூட்டிப் பார்த்தேன். 1,600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஐந்து நாளில் குறைந்தது 30 மணி நேரம் காருக்குள். இரண்டரை வயதுக் குழந்தையை 30 மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் முழங்காலை நீட்ட முடியாமல் மாமியார். இதற்குத்தான் 26,000 ரூபாய்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். 2017-இல் பெரியவன் நான்கு வயது, சின்னவள் கைக்குழந்தை. வேன் பிடித்து நான்கு நாளில் ஆறு ஊர் போனோம். மலைப்பாதையில் பெரியவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். கன்னியாகுமரியில் எல்லோரும் சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பொதுக்குழாயடியில் அவன் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஒரு வாரம் இரண்டு பேருக்கும் காய்ச்சல். அந்தப் பயணத்தின் படங்களை இன்றுவரை நான் எடுத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது 2019. என் பிள்ளைகளுக்கு அப்போது கிட்டத்தட்ட உங்கள் பிள்ளைகளின் வயது. கையில் காசு குறைவு என்பதால் ஒரே ஊர், இராமேசுவரம் மட்டும் என்று முடிவு செய்தோம். என் அம்மாவும் வந்தார். ராத்திரி ரயில், ஸ்லீப்பர் பெட்டி. அம்மா பையிலிருந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்து, எதிரெதிர் அப்பர் பெர்த் கம்பிகளுக்கு நடுவே தூளி கட்டினார். தரையிலிருந்து இரண்டு சாண் உயரம்தான். "நைலக்ஸ் கட்டினா முடிச்சு வழுக்கும், நூல்சேலைதான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அப்புறம் கீழ் பெர்த்தில் படுத்து ஒரு கையைத் தூளி மேல் போட்டுக்கொண்டார். ரயில் ஆடிய ஆட்டத்தில் தூளியை யாரும் ஆட்ட வேண்டியிருக்கவில்லை. விடியும் வரை சின்னவள் ஒரு முறைகூட அழவில்லை. அம்மாவின் கையும் அங்கிருந்து நகரவில்லை.

உங்களுக்கும் இராமேசுவரத்தையே சொல்கிறேன். 6 வயதுப் பையனுக்குக் கடல்மேல் ரயிலில் போவதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? நாங்கள் போனது 1914-இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில். வண்டி அதில் ஊர்ந்துதான் போகும். இப்போது 2025 ஏப்ரலிலிருந்து புதிய பாலம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். விடிந்த பிறகு பாம்பனைத் தாண்டுகிற வண்டியாகப் பார்த்துப் போடுங்கள், இருட்டில் கடந்துவிட்டால் பையனுக்கு ஏமாற்றமாகிவிடும். இராமேசுவரம் போகும் ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அது முடிந்தது.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு சங்கதி. இப்போது முன்பதிவு 60 நாள் முன்பிருந்துதான். முன்பு 120 நாளாக இருந்தது. நாளை எண்ணி, காலை 8 மணிக்குத் திறக்கும்போதே போட்டுவிடுங்கள். தட்கலை நம்பினால் பட்ஜெட் அங்கேயே உடையும். பையனுக்குப் பாதிக் கட்டணம் போதும் என்று நினைக்காமல் முழு பெர்த் எடுங்கள். அதில் அண்ணனும் தங்கையும் தலைமாடு கால்மாடாகப் படுக்கலாம், நீங்களும் கொஞ்சம் தூங்கலாம். இந்த ஒரு இடத்தில் காசு பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, மாமியாரின் பெர்த். 45 வயது கடந்த பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு மட்டுமோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான். குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு கணக்கில் வராது. அதனால் அவருக்குத் தனி டிக்கெட் போடுங்கள். வேறு பெட்டி விழ வாய்ப்பு உண்டு. அப்படி விழுந்து, உங்கள் டிக்கெட்டிலும் ஒரு கீழ் பெர்த் கிடைத்திருந்தால், உங்கள் கணவர் அங்கே போய், மாமியார் உங்களோடு வந்துவிடலாம். டி.டி.ஆரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தேதி போடும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். புரட்டாசியை ஒட்டி மகாளய அமாவாசை வரும். அன்றும் அதன் முன்பின் நாட்களிலும் இராமேசுவரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

அறை பேசும்போது "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?" என்று கேளுங்கள். நீங்கள் காலையில் போய் இறங்குவீர்கள். 12 மணிக் கணக்கு லாட்ஜில் காலை ஏழு மணிக்கு நுழைந்தால் நடுப்பகலுக்குள் ஒரு நாள் வாடகை போய்விடும். 24 மணிக் கணக்கு என்றால் நுழைந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். நாங்கள் முதல் தடவை ஒரு லாட்ஜில் இது தெரியாமல் ஒரு நாள் வாடகையைச் சும்மா கொடுத்தோம்.

சாப்பாட்டுக்கு, போகும் இரவுக்கு எண்ணெயில் நனைத்த மிளகாய்ப்பொடி இட்லி. குழந்தைகளுக்குப் பொடி இல்லாமல் நெய் தடவி நாலு. தயிர்சாதம் கட்டுவதானால் தயிரை ஊற்றிப் பிசையாதீர்கள், புளித்துவிடும். குழைய வடித்த சாதத்தில் ஆறின பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவிலும் கலக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்மதிப்பில் கலந்து குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

செலவைப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு இரவு ரயிலில், இரண்டு இரவு அறையில். நான்கு பெர்த், போக வர சுமார் 3,500. அறைக்கு 4,000. சாப்பாட்டுக்கு 5,000. பஸ், ஆட்டோவுக்கு 1,500. ஆக 14,000. மிச்சம் 4,000 கையில் இருக்கட்டும், குழந்தைகளோடு போகும்போது அவசரத்துக்கென்று ஒரு தொகை தொடாமல் இருக்க வேண்டும்.

அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டால், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. காலையில் ஒன்று, மதியம் எல்லோரும் தூக்கம், சாயங்காலம் அக்னி தீர்த்தக் கரையில் மணல். கோயில் பிரகாரம் நீளமானது, நிழலானது. பையன் தூண்களை எண்ண ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். ஆனால் 22 தீர்த்தம் ஆடி வருகிறவர்கள் ஈரத் துணியோடு நடப்பதால் கல்தளம் வழுக்கும். மாமியார் கையை யாராவது ஒருவர் பிடித்தே நடக்க வேண்டும்.

தனுஷ்கோடிக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், அங்கே நிழல் என்பதே இல்லை. ஒரு பக்கம் கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா, அதை ஆண்கடல் என்பார்கள். மறுபக்கம் அமைதியான பாக் நீரிணை, அது பெண்கடல். எந்தப் பக்கமும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், இழுப்பு அதிகம். கரையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

எங்கள் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இடிந்த கட்டடங்களைத் தாண்டி ஒரு குடிசை ஓரத்தில் ஒரு பாட்டி மணலில் குழி பறித்து உட்கார்ந்திருந்தார். கடல் கூப்பிடு தூரம்தான். கையால் மணலை வழித்து எடுக்க எடுக்க அடியில் தண்ணீர் சுரந்தது. முதலில் கலங்கல். சற்றுப் பொறுத்ததும் தெளிந்துவிட்டது. பாட்டி சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றினார். பெரியவன் பக்கத்தில் குந்தி ஒரு விரலை நனைத்து நக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, உப்பே இல்லம்மா!" என்று கத்தினான். பாட்டி சிரித்துக்கொண்டே அவன் கையில் சிரட்டையைக் கொடுத்தார். ஒரு மணி நேரம் அவன் அங்கிருந்து எழவில்லை. எங்களுக்கும் அவசரமில்லை, அன்றைக்குப் பார்க்க வேண்டிய வேறு ஊர் எதுவும் இல்லை. வேனில் வந்திருந்தால் டிரைவர் ஹாரன் அடித்திருப்பார்.

நாத்தனார் கேட்ட ஞாபகத்தைப் பற்றி. என் மகளுக்கு அந்தப் பயணத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் "கடல்" என்ற சொல் அவள் வாயில் முதன்முதலில் வந்தது பாம்பன் பாலத்தில். என் மடியில் நின்றுகொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "கடலு, கடலு" என்று பாலம் முடியும் வரை சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வாளித் தண்ணீரும் அவளுக்குக் கடல்தான். அவளுக்கு மறந்துவிட்டது, சரி. எனக்கு மறக்கவில்லை. அம்மா இருந்தவரை அவருக்கும் மறக்கவில்லை. உங்கள் மாமியாரும் இந்தப் பயணத்தில் வருகிறார் என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் வளரும் வரை காத்திருக்கலாம் என்றால், அவருடைய முழங்காலும் அதுவரை காத்திருக்க வேண்டும்.

மற்ற ஊர்களை விட வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். சின்னவளுக்கு 5 வயதாக இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று எண்ணினால் ஏழு விடுமுறையாவது வரும். மதுரை, கன்னியாகுமரி, குற்றாலம் மூன்றையும் அவற்றில் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அவளுக்கு டிக்கெட் கிடையாது.