முதல் ஆல்பத்த தள்ளிடாத தம்பி (கடிதமும் பதிலும்)

அண்ணே வணக்கம். நான் மார்த்தாண்டம் பக்கம், இன்ஜினியரிங் மூணாம் வருஷம். நீங்க சொன்னீங்கன்னு நைட்விஷ்ங்கிற மெட்டல் பேண்டோட ஆல்பமெல்லாம் கேட்டுட்டு வரேன். ரெண்டாவது ஆல்பம் 'ஓஷன்பார்ன்' கேட்டு ஆடிப்போயிட்டேன். ஆனா முதல் ஆல்பம் 'ஏஞ்சல்ஸ் ஃபால் ஃபர்ஸ்ட்' சப்புன்னு இருக்கு, ரெண்டும் ஒரே பேண்டுதானான்னே சந்தேகம். ஹாஸ்டல்ல எல்லாரும் அத ஸ்கிப் பண்ணுன்னு சொல்றாங்க. பண்ணிரலாமா?

தம்பி,

ஸ்கிப் பண்ணாத. நீ சொல்ற குறை உள்ளதுதான், ஆனா அது எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா பாட்டு வேற மாதிரி கேக்கும்.

1996ல பின்லாந்துல 'கிட்டே'ங்கிற சின்ன ஊர்ல கீபோர்டுக்கு துவோமாஸ் ஹோலோபைனன், பாட தார்யா துருனன், கிட்டாருக்கு எம்ப்பு வூரினன், இந்த மூணு பேரும் ஆரம்பிச்சது கரண்டு கிட்டார் இல்லாத அக்கூஸ்டிக் பாட்டுக்காக்கும், மெட்டலுக்கு இல்ல. தீ மூட்டி சுத்தி உக்காந்து பாடுற மாதிரி பாட்டு. தார்யா குரல் அதுக்கு ரொம்ப பெருசு, அதனாலதான் பொறவு டிரம்ஸும் கரகரன்னு உறுமுற டிஸ்டார்ஷன் கிட்டாரும் வந்து சேந்துச்சு. 1997ல ஆல்பம் வரும்போ அந்த மூணு பேருக்கும் இருபது வயசுதான், எம்ப்புக்கு அதுவும் ஆகல. சின்ன அளவுல தச்ச சட்டைக்கு மேல கோட்டு போட்ட மாதிரி அங்கங்க இடிக்கத்தான் செய்யும்.

நான் பதினெட்டு வருஷமா எங்க சி.எஸ்.ஐ சபை கொயர்ல டெனர் பாடுறேன். கிறிஸ்மஸ் ப்ராக்டிஸுக்கு அடிக்குரல்ல பேஸ் பாடுற மாமா ரெண்டு பேரும் வராத அன்னைக்கு பாத்திருக்கேன், மேல்குரல்ல சோப்ரானோ பாடுற பிள்ளைக எவ்வளவு நல்லா பாடினாலும் பாட்டு அந்தரத்துல தொங்கும். இந்த ஆல்பத்துல நடக்கிறது அதேதான். பேண்டுல அப்ப பேஸ் கிட்டாருக்குன்னு ஆளே கெடையாது, எம்ப்புதான் அதையும் வாசிச்சிருக்காரு, நோட்டு சரியா இருக்கு ஆனா அடியில தாங்கிப் பிடிக்க தனியா ஒரு மனுஷன் இல்லன்னு காதுக்கு தெரியுது. ஓஷன்பார்ன்ல பேஸ் கிட்டாருக்குன்னு சாமி வான்ஸ்கா வந்த பொறவு அதே குரல் தரையில காலூனி நிக்கும், நீ ஆடிப்போனதுக்கு பாதி காரணம் அவராக்கும்.

அடுத்தது கீபோர்டு. சபையில கீபோர்டுல ஸ்ட்ரிங்ஸ் டோன் போட்டு வாசிக்கிறத கேட்டிருப்ப இல்லியா, எல்லா நோட்டும் ஒரே மாதிரி தொடங்கும், வில்லு இழுக்கிற மூச்சு அதுல இருக்காது. ஆர்க்கெஸ்ட்ராவ மனசுல கேட்டுக்கிட்டே ரெண்டு கையால வாசிச்சிருக்காரு துவோமாஸ். 2002ல 'செஞ்சுரி சைல்ட்' ஆல்பத்துலதான் நெசமான ஆர்க்கெஸ்ட்ரா அவருக்கு கெடைச்சுது.

துவோமாஸ் தானே பாடினதப் பத்தி சுருக்கமா சொல்லிருதேன், அவரு பாடிருக்க வேண்டாம். 'தி கார்பென்டர்'னு ஒரு தச்சனப் பத்தின பாட்டு, இயேசுவத்தான் சொல்லுதுன்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சிரும், மெட்டு அவ்வளவு அழகு, தார்யா பக்கத்துல அவரு குரல் வரும்போ மனசு நோவும். அவருக்கும் தெரிஞ்சிருக்கு, அடுத்த ஆல்பத்துலேருந்து அவரு பாடவே இல்ல.

இனி நல்லத சொல்லணும். மெட்டு கட்டுற கை அன்னைக்கே முழுசா இருக்கு, பின்னால வந்த பெரிய பாட்டுக்கெல்லாம் வெத இங்கதான் கெடக்கு. கடைசியில 'லாப்பி'ன்னு நாலு பாகமா வரும், லாப்லாந்துக்கு ஃபின்னிஷ்ல அதுதான் பேரு. முதல் பாகம் காட்டு ஏரியப் பத்தினது, ஃபின்னிஷ்லயே பாடிருப்பாங்க, ஒரு வார்த்தை எனக்கு வெளங்காது, ஆனா ஆல்பம் முழுக்க இங்கிலீஷ்ல கொஞ்சம் விறைப்பா நின்ன தார்யா குரல் இங்க மட்டும் வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இறங்கி வருது. கிட்டார் அதட்டல, டிரம்ஸ் முந்தல, அவங்க முதல்ல செய்ய நெனச்ச மியூசிக் இதுதான்னு எனக்கு தோணும்.

அந்த நாலையும் ராத்திரி ஹாஸ்டல்ல சத்தம் அடங்கின பொறவு ஹெட்போன் போட்டு நடுவுல நிறுத்தாம கேளு, கேட்டுட்டு எழுது.