முதலில் கோட்டை வேண்டாம்

அன்புள்ள ஐயா,

மேசைப் போர் விளையாட்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் இரண்டு சின்னப் படைகளைச் சேர்த்துவிட்டேன். 28 மி.மீ. பொம்மைகள், பக்கத்துக்கு இருபது பேர். வண்ணமும் பூசியாயிற்று. ஆனால் மேசை மொட்டையாகக் கிடக்கிறது. புத்தகங்களை அடுக்கிக் குன்று என்கிறோம், தீப்பெட்டியை வீடு என்கிறோம். விலைக்குக் கிடைக்கும் டெரெய்ன் (மேசையில் வைக்கும் குன்று, வீடு, சுவர் எல்லாம்) எனக்குக் கட்டுப்படியாகாது. நானே செய்யலாமென்று ஒரு கோட்டைக்குப் படம் போட்டு வைத்திருக்கிறேன். நான்கு கோபுரம், தூக்குப்பாலம் எல்லாம் உண்டு. ஒரே சிக்கல், எனக்குக் கைவேலை வராது. பள்ளியில் நான் செய்த எரிமலை, பார்வையாளர்கள் வருவதற்குள் சாய்ந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

கோட்டைப் படத்தை மடித்து உள்ளே வையுங்கள். கிழிக்க வேண்டாம், பிறகு தேவைப்படும். கோட்டையோடு ஆரம்பிப்பவர்கள் ஒன்றரைக் கோபுரத்தில் நின்றுவிடுவார்கள். என்னுடைய ஒன்றரைக் கோபுரம் இன்னும் பரணில் இருக்கிறது. தவிர, மேசை நடுவில் கோட்டை வந்து உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முற்றுகைதான்.

புத்தகக் குன்றுக்குக் கூச்சப்படாதீர்கள். 1913இல் பொம்மைப் போர் விளையாட்டுக்கு விதி சொல்லும் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸும் அவர் நண்பரும் ஆரம்பத்தில் கம்பளத்தின் மேல் கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கித்தான் நாடு அமைத்தார்கள். அதற்குச் சுமார் நூறு வருடம் முன்பு, 1812இல், பிரஷ்ய அரசருக்காக ரெய்ஸ்விட்ஸ் செய்த போர் மேசையில் நிலம் முழுக்கத் தனித்தனிச் சதுர ஓடுகள், விருப்பம்போல மாற்றி அடுக்கலாம். நாமெல்லாம் வெல்ஸ் கட்சி. ஆனால் ரெய்ஸ்விட்ஸிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: நிலம் துண்டு துண்டாக இருக்கட்டும். இன்று ஒரு ஊர், நாளை வேறு ஊர்.

அதனால் முதலில் சுவர். ஆறு துண்டுகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரம். ஒரு வீரன் பின்னால் நின்றால் தலையும் துப்பாக்கியும் மட்டும் வெளியே தெரிய வேண்டும். வெறும் மேசையில் யார் முதலில் சுடுகிறார்களோ அவர்தான் ஜெயிப்பார். ஆறு சுவரை வைத்துப் பாருங்கள், எங்கே ஓடுவது, எங்கே ஒளிவது என்று இரண்டு பேரும் யோசிக்க ஆரம்பிப்பீர்கள். உங்கள் எரிமலை மாதிரி சாய்ந்தாலும் நஷ்டமில்லை, அது இடிந்த சுவர்.

இதற்குத் தெர்மாகோல் வேண்டாம். வெட்டினால் முத்து முத்தாக உதிர்ந்து வீடு முழுக்கப் பறக்கும். கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் போடும், நீலமோ இளஞ்சிவப்போ நிறத்தில் வரும் எக்ஸ்.பி.எஸ். பலகைதான் சரி. புது பிளேடு போடுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நான்கு தடவை மெல்ல இழுங்கள். ஒரு செ.மீ. தடிமனில் பட்டைகளை வெட்டிக்கொண்டு, பென்சிலால் அழுத்திக் கல் வரிசை வரையுங்கள். பேனா வேண்டாம், மை பெயிண்டைத் தாண்டி மேலே வந்துவிடும். அங்கங்கே ஒரு கல்லை விரலால் அமுக்கி உள்ளே தள்ளுங்கள், ஒரு மூலையைப் பிய்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. அலுமினியத் தாளைக் கசக்கிப் பந்தாக்கி, அந்தப் பட்டையின் மேல் அழுத்தி உருட்டுங்கள். பளபளவென்று பிளாஸ்டிக் மாதிரி இருந்தது அரை நிமிடத்தில் சொரசொரவென்று கல்லாகிவிடும். நான் முதல் தடவை செய்தபோது சுவருக்கு வேண்டியது போக, மிச்சமிருந்த பலகையையும் சும்மா உருட்டித் தீர்த்தேன்.

அடியில் 3 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பட்டை, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை, ஓரத்தில் சலித்த மணல். சூப்பர் குளூ பக்கம் போகாதீர்கள், இந்தப் பலகையை அரித்துவிடும். அடிக்கு அட்டை வைத்தால் பசை காயும்போது ஓலை மாதிரி வளையும். மறுபக்கமும் பசை பூசினால் அந்த இழுப்பு ஓரளவு சமனாகும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். என் முதல் குன்று தெர்மாகோல். இரண்டு நாள் செதுக்கி, மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். மெல்லிய சீறல் கேட்டது. குனிந்து பார்த்தால் குன்றுக்கு அம்மை போட்டிருந்தது! ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். எக்ஸ்.பி.எஸ்.ஸும் அதே பாலிஸ்டைரின்தான், அதற்கும் அதே கதி. எனவே கறுப்பு அக்ரிலிக் பெயிண்டில் கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து, தூரிகையால் இடுக்கு விடாமல் பூசுங்கள். அதுவே நிறம், அதுவே கவசம். (அந்தக் குன்றை நான் வீசவில்லை. குண்டு விழுந்த நிலமாக நான்கு வருடம் உழைத்தது.)

கறுப்பு காய்ந்ததும் அடர் சாம்பல். பிறகு டிரை பிரஷ்: பழைய தூரிகையில் வெளிர் சாம்பலைத் தொட்டு, தாளில் தேய்த்துத் தேய்த்து, இனி வண்ணமே இல்லை என்று தோன்றும்போது சுவர்மேல் லேசாக வீசுங்கள். மேடுகள் மட்டும் வெளுக்கும், இடுக்குகள் கறுப்பாகவே நிற்கும். கைவேலை வராதவர்களுக்காகவே கண்டுபிடித்த வித்தை இது.

மற்றதெல்லாம் மெல்ல வரட்டும். குன்றைச் சரிவாகச் செதுக்காமல் படிக்கட்டாகச் செய்யுங்கள். சரிவு அழகுதான், பொம்மை நிற்காது, வழுக்கும். காட்டுக்கு ஒரு பலகை, அதன்மேல் ஒட்டாத மரங்கள். படை உள்ளே நுழையும்போது மரத்தை எடுத்து ஓரமாக வைக்கலாம். தேங்காய் நார் மிதியடியை வெட்டினால் விளைந்த வயல், பச்சை ஸ்க்ரப்பரை வெட்டினால் வேலி. வீடு கட்டும் நாள் வந்தால், பொம்மை தன் அடித்தட்டோடு நிற்கும் என்பதை மறக்காமல் கதவை 4 செ.மீ. உயரம் வையுங்கள், கூரை கழற்றும்படி இருக்கட்டும். அளவுப்படி பார்த்தால் வீடு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அந்த அளவில் கட்டினால் மூன்று வீட்டிலேயே மேசை நிறைந்துவிடும்.

சுவர்கள் காய ஒரு ராத்திரி ஆகும். அன்றைக்கே விளையாட வேண்டுமென்றால் புத்தகங்கள் இருக்கவே இருக்கின்றன. இந்த முறை அவற்றின் மேல் ஒரு பச்சைத் துணியைப் போர்த்திவிடுங்கள்.

அன்புடன்.