வேனில் வந்த 'சிறுவிடை' குஞ்சுகள்

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் தெருவுக்கு வந்த வேனில் 'அசல் சிறுவிடை' (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி ரகம்) என்று சொல்லி 20 ஒருநாள் குஞ்சுகள் வாங்கினேன். முதல் வாரத்திலேயே பாதி செத்துவிட்டது. மிஞ்சியதெல்லாம் சேவல். வியாபாரியின் போன் நம்பர் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, திருச்செங்கோடு

பதில்: மிஞ்சியதெல்லாம் சேவல் என்பதுதான் இதில் முக்கியமான தடயம். சாதாரணமாகப் பொரிக்கும் குஞ்சுகளில் சேவலும் பெட்டையும் ஏறக்குறைய சரிபாதி இருக்கும். மொத்தமும் சேவல் என்றால், பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகத்தில் கழித்த குஞ்சுகள். முட்டைப் பண்ணைக்குப் பெட்டை மட்டுமே வேண்டும் என்பதால் சேவலைப் பொரித்த உடனே பிரித்துவிடுவார்கள். திருவிழாக் கடைகளில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்பதும் இந்தக் குஞ்சுகளைத்தான். பழுப்பு நிறத்தில் இருந்துவிட்டால் சாயம்கூட வேண்டாம், நாட்டுக்கோழி என்று சொல்லியே விற்றுவிடலாம்.

அசல் சிறுவிடையில் ஒரே தாய் பொரித்த குஞ்சுகளே ஒன்று கருப்பு, ஒன்று சாம்பல், இன்னொன்று முதுகில் அணில் கோடு என்று கலந்துதான் இருக்கும். பெட்டி நிறைய ஒரே நிறமாக இருந்தால் வாங்காதீர்கள். தாய்க்கோழிகளைப் பார்க்க முடியாத இடத்தில் 'அசல்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம்.

செத்த குஞ்சுகளுக்கு வியாபாரியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் கதகதப்பு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளைப் பார்த்தே தெரியும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

ஆனால் இனத்தை மாற்றிச் சொல்லி விற்றது ஏமாற்று. வீட்டுத் தேவைக்கு வாங்கியதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் நுகர்வோர்தான். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குஞ்சுகளின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் வியாபாரிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பணம் வந்துவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வேன்காரரைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. இருந்தாலும் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள், அடுத்த தெரு ஏமாறக்கூடாது.

கேள்வி: பத்துக் கோழி அளவுக்கு வீட்டுக் கொல்லையில் வளர்க்க ஆசை. சின்ன இன்குபேட்டர் வாங்கலாமா? வனராஜா நல்ல ரகம் என்கிறார்களே?
- வாசகர், மணப்பாறை

பதில்: பத்துக் கோழிக்கு இன்குபேட்டர் வேண்டாம். கரண்ட் போனால் கவலை, ஈரப்பதம் பார்க்க வேண்டும், பொரித்த பிறகு குஞ்சுகளுக்குத் தனியாகப் பல்பு போட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஓர் அடைக்கோழி பார்த்துக்கொள்ளும்.

வனராஜா ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம். முட்டை நிறைய இடும், ஆனால் அடைக்கு உட்காராது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். அதனால் முட்டைக்கு எந்த ரகம் வாங்கினாலும், கூடவே ஏற்கெனவே ஒரு தடவையாவது குஞ்சு பொரித்த சிறுவிடைப் பெட்டை இரண்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காசு வீண் போகாது.

அடைக்கு வந்த கோழி இரவிலும் கூட்டை விட்டு எழாது. கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு 'கொர்ர்' என்று கொத்த வரும். நெஞ்சுப் பக்கம் தடவிப் பாருங்கள், இறகு உதிர்ந்து தோல் சுடச்சுட இருக்கும். 10 முதல் 12 முட்டை வரை வைக்கலாம். ஒரு வாரத்துக்குள் இட்டதாக, கழுவாததாக, சேவல் சேர்ந்த கோழியுடையதாக இருக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிடுங்கள், அது கூமுட்டையாகி வெடித்தால் மற்றவையும் கெடும். இடிக்குப் பயந்து இரும்பும் கரியும் போட்டு வைப்பது பாட்டிமார் வழக்கம், வைப்பதில் தப்பில்லை. ஆனால் பழைய முட்டையை அது காப்பாற்றாது. 21 நாளில் குஞ்சு வந்துவிடும்.

அப்புறம் ஒரு வழி இருக்கிறது. இரண்டு மூன்று வாரமாக அடையில் இருக்கும் கோழிக்கு அடியில், வெளியே வாங்கிய ஒருநாள் குஞ்சுகளை ராத்திரியில் மெல்ல நுழைத்துவிட்டால் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள், கொத்தினால் பிரித்துவிடுங்கள். வாங்கும்போதே தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்கு முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி, இரண்டையும் அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: முட்டைக்குச் சேவல் அவசியமா? எத்தனை வாங்கலாம்?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: சாப்பிடும் முட்டைக்குச் சேவலே வேண்டாம். குஞ்சு வேண்டுமென்றால் எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். இரண்டு வைத்தால் ஓயாத சண்டைதான். சண்டைச் சேவல் வம்சம் என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் மயங்காதீர்கள், கொல்லைப்புறத்துக்கு அது தேவையில்லை. பெட்டை வாங்கிய வீட்டிலேயே சேவலையும் வாங்காமல் வேறு ஊரிலிருந்து வாங்குங்கள். அண்ணன் தங்கையாக இணைந்தால் நாளடைவில் குஞ்சுகள் சவலையாகும்.